திங்கக்கிழமை வேலை இருக்குங்களா?

புரட்டாசி பிறப்பதற்கு முந்தின சனிக்கிழமை, திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் ஒரு கூட்டம் போட்டோம். சம்பள நாள். சனிக்கிழமை சாயங்காலம் கவரைக் கையில் வாங்கிவிட்டால் அப்புறம் ஒருத்தரையும் நிறுத்திவைக்க முடியாது. மளிகைக் கடை, சீட்டுப் பணம், ஊருக்குப் போகிற வண்டி என்று ஆளாளுக்கு ஒரு அவசரம் இருக்கும். அதனால் கூட்டம் முடிந்த பிறகுதான் சம்பளம் என்று சொல்லி, கட்டிங் டேபிள்களைச் சுவரோரம் தள்ளி, நூற்றி நாற்பது பேரையும் உட்காரவைத்தோம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வந்திருந்தார். யோசனையும் ஏற்பாடும் என்னுடையவை. புரொடக்‌ஷன் மேனேஜர் என்கிற முறையில் ஆட்களின் மனசு தளராமல் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

அவர் நன்றாகவே பேசினார். குரலை ஏற்றி இறக்கி, நடுநடுவே சிரிக்கவைத்து, கடைசியில் கழுகுக் கதைக்கு வந்தார். நாற்பது வயதில் கழுகு மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளுமாம். புது அலகு முளைத்ததும் இன்னும் முப்பது வருஷம் வாழுமாம். வாட்ஸாப்பில் பத்து முறையாவது வந்த கதை. அலகை உடைத்துக்கொண்ட கழுகு பட்டினியில் சாகுமே தவிர முப்பது வருஷம் வாழாது. ஆனாலும் எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். “கேள்வி இருந்தா கேளுங்க” என்றார். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான். பின்வரிசையிலிருந்து செக்கிங் அக்கா ஒருவர் எழுந்தார். ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர், எங்களிடம் ஒன்பது வருஷமாக இருக்கிறார்.

“நல்லாப் பேசுனீங்க சார். திங்கக்கிழமை வேலை இருக்குங்களா?”

குபீரென்று சிரிப்பு. பேச்சாளரும் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். மைக் என் கைக்கு வந்தது. “இருக்கும்மா, தைரியமா வாங்க” என்றேன். அதற்கும் கை தட்டினார்கள்.

வியாழக்கிழமையோடு கட்டிங் முடிந்திருந்தது. சாயப்பட்டறையிலிருந்து அடுத்த துணி வரப்போவதில்லை. வேண்டாம் என்று நிறுத்திவைத்ததே நாங்கள்தான். மூன்று தையல் லைனிலும் சேர்த்துத் திங்கள் காலை இரண்டு மணி நேரம் ஓடுகிற அளவுக்குத்தான் பீஸ் இருந்தது. மைக்கைப் பிடித்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஹோல்ட்

என்ன நடந்தது என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக நாலு வரி. 2025 ஆகஸ்ட் 7ஆம் தேதி இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று ஆகஸ்ட் 27ஆம் தேதி அது 50 ஆயிற்று. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே இருந்த 16.5 சதவீதம் தனி. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது கூடுதல் வரி 20தான். டி-ஷர்ட்டில் எங்களுக்கு நிற்கிற லாபம் ஒற்றை இலக்கச் சதவீதம். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சரக்கை வாங்குகிற எங்கள் அமெரிக்க பையர் ஆர்டரைக் கேன்சல் செய்யவில்லை. ‘ஹோல்ட்’ என்று ஒரு மெயில் அனுப்பினார். இந்த வார்த்தை மூன்று மாதம் என்னை ஆட்டிவைத்தது. கேன்சல் என்று வந்திருந்தால் ஒரு ராத்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டு, மறுநாள் துணியைக் காதர்பேட்டை பனியன் சந்தையில் யார் எடுப்பார்கள், உள்நாட்டு ஆர்டருக்கு எதை மாற்றலாம் என்று கிளம்பியிருப்போம். ஹோல்ட் என்றால் துணியைத் தொட முடியாது, வெட்ட முடியாது, விற்கவும் முடியாது. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் அந்த மெயிலுக்குக் கீழே ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். மத்தியானம் ஒரு முறை. அவர்களுக்குப் பொழுது விடிகிற நேரம் என்று சாயங்காலம் ஒரு முறை. ராத்திரி படுத்துக்கொண்டு போனில் ஒரு முறை.

பனியன் தொழில் இதைவிட மோசமான அடிகளைப் பார்த்திருக்கிறது. நான் 2010இல் வேலைக்குச் சேர்ந்தேன். ஏழாவது மாதம், 2011 ஜனவரிக் கடைசியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 700க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத் தண்ணீரைப் பார்த்தவர்கள் யாரும் அந்த உத்தரவைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஊரே ஸ்தம்பித்தது. சாயமேற்றத் துணி லூதியானா வரைக்கும் போய் வந்தது. அப்புறம் பணமதிப்பு நீக்கம், ஜிஎஸ்டி, கொரோனா, நூல் விலையேற்றம். ஒவ்வொன்றிலும் ‘இதோடு திருப்பூர் முடிந்தது’ என்று யாராவது எழுதினார்கள். அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் கெட்டதாக ஞாபகமே இல்லை. 2011இல் என் வயது இருபத்து மூன்று. கட்டுவதற்குத் தவணை கிடையாது, பதில் சொல்வதற்கு ஆட்களும் கிடையாது. தைரியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி அதுதான் போலிருக்கிறது.

இந்த முறை ஊக்கத்தைத் தேட ஆரம்பித்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து நடந்தேன். இலக்குகளை எழுதிவைக்க நானூறு ரூபாய்க்கு ஒரு டைரி வாங்கினேன். ராத்திரி பதினொரு மணிக்குமேல் ஒரு நிமிஷ வீடியோக்கள். கோட் போட்ட யாரோ ஒருவர் விரலை நீட்டி ‘நீ மட்டும் முடிவு செய்தால்’ என்பார். பத்து வீடியோ பார்த்தால் ஒரு சிகரெட் பிடித்த மாதிரி கொஞ்ச நேரம் ஜிவ்வென்று இருக்கும், அப்புறம் அடங்கிவிடும். நடை மட்டும் நல்லது, முதுகுவலி போயிற்று. டைரியில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். பேச்சாளரை அழைக்கிற யோசனையும் இந்த வீடியோக்களிலிருந்து வந்ததுதான். எனக்கு வேலை செய்யாத மருந்தை நூற்றி நாற்பது பேருக்கு ஊற்றிவிட்டேன்.

எழுபது நாள்

கூட்டத்துக்கு மறுநாள் ஊருக்குப் போனேன். வெள்ளகோவிலுக்கும் காங்கேயத்துக்கும் நடுவே எங்கள் ஊர். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை; அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். பாசனமில்லாத காடு எங்கள் பக்கம் கொறங்காடாகத்தான் கிடக்கும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். காட்டைத் துண்டு துண்டாகத் தடுத்து, ஒன்றில் பண்டங்களை மேயவிட்டு, அதில் புல் ஒட்டக் கரைந்ததும் படலைத் திறந்து அடுத்ததுக்கு ஓட்டுவார்கள்.

கிராமத்துப் பெரியவர் ஒருவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாழ்க்கைத் தத்துவம் சொல்லி, நகரத்து மகன் கண் திறக்கிற கட்டுரைகள் எனக்கே பிடிக்காது. அப்பா தத்துவம் எதுவும் சொல்லவில்லை. “கம்பெனி ஓடுதா கண்ணு?” என்றார். “ஓடுதுங்கப்பா” என்றேன். இரண்டாம் நாளாகப் பொய். அவர் படலை இழுத்துக் கட்டிக்கொண்டே, நான் கேட்காமலே, “இந்தப் புல்லு ஐப்பசி பத்து வரைக்கும் வரும்” என்றார்.

பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய பேச்சு. அன்றைக்கு மட்டும் காதில் வேறு மாதிரி விழுந்தது. அப்பா மழை வரும் என்று சொல்லி நான் கேட்டதில்லை, வராது என்றும் கேட்டதில்லை. டிவியில் புயல் சின்னம் காட்டினால் ஆசையாகப் பார்ப்பார், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். இருக்கிற புல் எந்தத் தேதி வரைக்கும் வரும் என்பதை மட்டும் வீட்டிலிருக்கிற எல்லோருக்கும் சொல்லிவிடுவார். சின்ன வயதில் எனக்கும் சொல்வார். மூன்றாம் வகுப்பில் படிக்கிற பையனுக்குத் தீவனக் கணக்கு எதற்கு என்று அம்மா கேட்டால், “அவனும் பால் குடிக்கறானல்லொ” என்பார்.

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. கார்த்திகை முடிகிறபோதே கொறங்காட்டில் புல் இல்லை, வெறும் மண். அப்போது எங்களிடம் ஒன்பது உருப்படி. அப்பா சோளத்தட்டுப் போரை ஒருமுறை சுற்றி வந்தார். கையால் எதையும் அளக்கவில்லை. வாசலில் வந்து உட்கார்ந்து, அம்மா, நான், பண்ணையத்துக்கு வரும் அண்ணன் எல்லோரும் இருக்கும்போது, “ஒம்பதும் நின்னா எழுபது நாளைக்கு வரும். அஞ்சு நின்னா நாலு மாசம் தள்ளலாம்” என்றார். அவ்வளவுதான். யாரும் அழவில்லை. எந்த நாலை விற்பது என்பதில் மட்டும் அம்மாவுக்கும் அவருக்கும் இரண்டு நாள் பேச்சு வார்த்தை.

மார்கழியில் பழையகோட்டை மாட்டுத் தாவணிக்கு ஓட்டிப் போனார்கள். பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போய் அப்போதுதான் மாதம் ஒன்று தாண்டியிருந்தது. வாங்க வந்தவர்கள் கையில் புது நோட்டு இல்லை, விற்க வந்தவர்கள் வீட்டில் தீவனம் இல்லை. விலை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் வாரம் இரண்டுதான் போயிற்று. மற்ற இரண்டும் தை மாதம்தான் போயின. அந்த ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க ஜல்லிக்கட்டுப் போராட்டம். எல்லோர் போனிலும் காங்கேயம் காளைப் படம். என் போனிலும் அதுதான். அந்தப் படம் முகப்பில் இருக்கிற போனில்தான் அப்பா கூப்பிட்டு, மயிலைப் பசுவைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நான் படத்தை எடுத்துவிட்டேன். எனக்குத் துக்கமாக இருந்தது. அப்பா குரலில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. “மிச்சம் அஞ்சுக்கும் சித்திரை வரைக்கும் பயமில்லை” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திருப்பூருக்கு பைக் ஓட்டி வரும்போது இந்த எழுபது நாளே மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. எழுபது நாள் என்பது நல்ல செய்தி கிடையாது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினோம். ஏன் என்று அப்போது பிடிபடவில்லை.

மரத்தடி

திங்கட்கிழமை எட்டரைக்கு எல்லோரும் வந்தார்கள். தைரியமாக வந்தார்கள், நான்தானே சொன்னேன். ஓவர்லாக் முதலில் நின்றது, பின்னாடியே பிளாட்லாக். பத்தேகாலுக்கு மூன்று லைனும் ஓய்ந்துவிட்டன. ஒரு ஷெட்டில் நூறு மெஷின் ஒன்றன்பின் ஒன்றாக அடங்குகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? கரண்ட் போனால் எல்லாம் ஒரே வெட்டாக நிற்கும். இது அப்படியில்லை. மழை விடுகிற மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொட்டி நிற்கும்.

உள்ளூர்க்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். ஊத்துக்குளி, குன்னத்தூர்ப் பக்கத்து ஆட்களால் அப்படிக் கிளம்ப முடியாது. வேன்காரர் காலையில் இறக்கிவிட்டால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வருவார். நடுவில் அவருக்குப் பள்ளிக்கூட ட்ரிப். முப்பது பேருக்குமேல், பெரும்பாலும் பெண்கள், வாசலில் இருக்கிற வேப்பமரத்தடியில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்துவிட்டார்கள். என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே. நான் மூன்று நான்கு முறை போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனேன். போனில் யாரும் இல்லை.

நான்காவது முறை அந்தச் செக்கிங் அக்கா எழுந்து வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “இன்னைக்குத் தோட்டத்துல கடலைக்காய் பறிக்கக் கூப்பிட்டாங்க சார். மத்தியானத்தோட எறங்கிக்கலாம், கூலியும் எச்சு. நீங்க வேலை இருக்குதுன்னீங்களேன்னு வரலைன்னுட்டேன்.” நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “போச்சாது. ஆனா இல்லைன்னா இல்லைன்னு சொல்லிப் போடுங்க சார், நாங்க பாத்துக்குவோம்” என்றார். ரெண்டடி போய்த் திரும்பி, “சும்மா உக்காந்திருக்கறதுக்குப் பழைய லாட்டு ஏதாச்சும் இருந்தாக் குடுங்க, பிசிறு வெட்டித் தர்றோம்” என்றார்.

குடோனிலிருந்து ரிஜெக்ட் பெட்டிகளை எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைக்கு அவருக்கு எங்கள் கணக்கில் அரை ஷிப்ட் சம்பளம். தோட்டத்தில் போயிருந்தால் முழுக்கூலி. என்னுடைய ‘தைரியமா வாங்க’வின் விலை அன்றைக்குத் துல்லியமாகத் தெரிந்தது, அதைக் கொடுத்தவர் அவர். ஆட்களின் மனசு தளரக்கூடாது என்று நான் செய்ததெல்லாம் உண்மையில் என் மனசு தளராமலிருக்கச் செய்துகொண்டது. கெட்ட செய்தி சொல்கிற ஆளாக நிற்க எனக்குத் தெம்பில்லை. அதை மறைக்க ஒரு பேச்சாளர், ஒரு கழுகு. பையர் எங்களை ஹோல்டில் வைத்திருக்கிறார் என்று மூன்று வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்த நான், நூற்றி நாற்பது பேரை அதே ஹோல்டில் வைத்திருந்தேன்.

கரும்பலகை

முதலாளியிடம் போய், வாரா வாரம் கையில் எத்தனை நாள் வேலை இருக்கிறது என்று ஆட்களுக்கு எழுதிப்போடலாம் என்றேன். அவர் கெட்டவர் கிடையாது. டெய்லராக இருந்து கம்பெனி போட்டவர். “சொன்னா ஆள் நிக்காது. நாளைக்கே ஹோல்டை எடுத்தாங்கன்னா யாரை வச்சுத் தைப்பே?” என்றார். நியாயமான கேள்வி. திருப்பூரில் ஆர்டரைப் பிடித்துவிடலாம், ஆளைப் பிடிப்பதுதான் பாடு. “அண்ணா, ஆள் இப்பவே மரத்தடியிலதான் உக்காந்திருக்குது” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, “ஒரு மாசம் பாரு” என்றார்.

மூன்றாவது லைனில் மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதுகிற பலகை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றித் துடைத்து, பஞ்ச் வைக்கிற இடத்தில் மாட்டினேன். இதற்குள் ஒரு ஐரோப்பிய ஆர்டருக்குத் துணி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதினேன்: கையில் இருப்பது 14,400 பீஸ். மூன்று லைன், நாள் ஒன்றுக்கு 3,600. திங்கள் முதல் வியாழன் வரை வேலை. வெள்ளி, சனி வேலை இல்லை, வேன் வராது. அதற்கடுத்த வாரம்: தெரியாது.

கடைசி வார்த்தையில் முதலாளிக்கும் எனக்கும் மறுபடி வாக்குவாதம். ‘முயற்சி செய்கிறோம்’ என்று போடு என்றார், ‘விரைவில்’ என்று போடு என்றார். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கும் அவர் சொல்வது சரியென்றே பட்டது. பொறுப்பில் இருக்கிறவன் ‘தெரியாது’ என்று எழுதினால் அவன் எதற்கு அங்கே? ஆனால் ‘விரைவில்’ என்பது நான் ஏற்கெனவே சொன்ன ‘தைரியமா வாங்க’தான், வேறு சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவே. ‘தெரியாது’ அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம்.

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். முதல் வாரம் நாலு நாள் வேலையை ஐந்து நாளுக்கு இழுத்தார்கள். யார் இழுக்க மாட்டார்கள்? ரெண்டு வாரத்தில் பதினொரு பேர் வேறு கம்பெனிக்குப் போனார்கள், அதில் இரண்டு பேர் கை சுத்தமான பிளாட்லாக் டெய்லர்கள். “நான் சொன்னனில்ல” என்றார் முதலாளி. சொன்னார்தான். ஆயுத பூஜை முடிந்ததும் தீபாவளி போனசையும் பலகையில் எழுதினேன்: 8.33 சதவீதம், அக்டோபர் 15. போன வருஷத்தைவிடக் குறைவு. சட்டப்படி அதற்குக் கீழே போக முடியாது, அதற்கு மேலே போக எங்களால் முடியவில்லை. கடும் கோபம். ஒரு நாள் முழுக்க யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வேலை நடந்தது. மற்ற வருஷங்களில் புரட்டாசி முழுக்க ‘எவ்வளவாம், எப்பவாம்’ என்கிற குசுகுசுப்பில் பாதி நாள் போய்விடும். இந்த வருஷம் அந்தக் குசுகுசுப்பு இல்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து சின்னச் சின்ன விஷயங்கள் கண்ணில் பட்டன. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பலகை முன்னால் கூட்டம் சேர்ந்தது. வேலை இல்லாத நாட்களுக்கு ஊத்துக்குளி ஆட்கள் ஒட்டுக்காகக் கடலைக்காய் பறிக்கப் போனார்கள். போகிற தோட்டத்தை முந்தின வாரமே பேசிவைத்துக்கொண்டார்கள். பீகார் பையன்கள் நாலு பேர் வருஷா வருஷம் சத் பூஜைக்கு லீவு கேட்டு என் அறை வாசலில் நிற்பார்கள், நான் ஷிப்மெண்டைக் காட்டி மறுப்பேன். இந்த முறை அவர்களே பலகையைப் பார்த்து வேலை குறைவான வாரத்தைக் கணக்குப் பண்ணி தன்பாத் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டு வந்து சொன்னார்கள். திரும்பி வரும் டிக்கெட்டையும் காட்டினார்கள். நாலு நாள் வேலை நாலு நாளிலேயே முடிந்தது. செக்கிங்கில் ‘ஆல்டர்’, அதாவது திருத்தித் தைக்க வேண்டிய பீஸ், குறைந்தது. அதற்குப் பலகைதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆர்டர் குறைவாக இருக்கும்போது பொதுவாகவே கை நிதானப்படும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டிங்கில் ஒரு பையன் அந்தக் கழுகுப் படத்தை இன்னமும் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான். அவனுக்கு அது உதவுகிறது என்றால் நான் யார் குறை சொல்ல?

வீட்டிலும் ஒரு பலகை தேவைப்பட்டது. ஆகஸ்டிலிருந்து என் சம்பளம் பாதிதான் வந்துகொண்டிருந்தது, மீதி அப்புறம் என்று பேச்சு. வீட்டுக் கடன் தவணைக்குச் சிநேகிதனிடம் கைமாற்று வாங்கி, ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தேன். மனைவிக்கு எதற்குக் கவலை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நானூறு ரூபாய் டைரியின் நான்காவது பக்கத்தில், கையில் இருக்கிறது இவ்வளவு, மாதச் செலவு இவ்வளவு, இப்படியே போனால் தை வரைக்கும் வரும் என்று எழுதி மனைவியிடம் நீட்டினேன். ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள். “ஏனுங்க, இதுக்காகவா ராத்திரியெல்லாம் போனை நோண்டிட்டு இருந்தீங்க? உங்களுக்கு என்னமோ சீக்குன்னு நான் டாக்டர்கிட்ட டோக்கன் போட்டு வச்சிருக்கேன்” என்றாள். அப்புறம் பேனாவை வாங்கி, நான் எழுதியதில் இரண்டு செலவை அடித்தாள். நான் மறந்திருந்த ஒன்றைச் சேர்த்தாள், அவள் கட்டிவந்த சீட்டு. தை என்பது மாசி ஆயிற்று. டோக்கனை கேன்சல் செய்தோம். அன்று மத்தியானம் நான் மூன்று மணி நேரம் தூங்கினேன்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், போனில். “அப்பவே தெரியும், ஓடுற கம்பெனிக்காரன் ஆவணிக் கடைசில ஊருக்கு வருவானா” என்றார். ஐப்பசி பத்தாம் தேதிக்கு முன்னாலேயே அவர் காட்டில் ஒரு மழை பெய்திருந்தது. புல் இப்போது எது வரைக்கும் வரும் என்று கேட்டேன். இன்னும் பார்க்கவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

தீபாவளி முடிந்து நாலைந்து வாரம் ஆகிறது. ஹோல்ட் மெயிலுக்குக் கீழே இன்னும் பதில் இல்லை. நான் இப்போது அதை ஒரு நாளில் ஒருமுறைதான் பார்க்கிறேன், காலை பதினோரு மணி டீக்கு அப்புறம். போன வெள்ளிக்கிழமை பலகையில் 10,800 என்று எழுதி, மூன்று நாள் என்று போட்டுவிட்டுத் திரும்பினேன். பின்னால் செக்கிங் அக்கா நின்றிருந்தார், கையில் ரிஜெக்ட் நோட்டு.

“சார், இதுல அந்த நேவி புளூ லாட்டு சேர்த்தி எழுதீருக்கீங்களா?”

“ஆமாங்க.”

“அது துணியே ஓட்டை. நானூறு பீஸுக்கு மேல தேறாது. நேத்தே கட்டு கட்டித் தனியா வச்சுட்டேன்” என்றார். நான் சாக்பீஸை எடுப்பதற்குள் முந்தானை நுனியால் எண்ணை அழித்துவிட்டு, “சரியாப் போடுங்க, எங்க ஊருல கேப்பாங்க” என்றார்.